வாலி வழக்கு

இரசிகர் திருவிழா என்றால், 1968இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜென் கான் போன்ற மேசை விளையாட்டு விழாக்கள் மட்டுமல்ல. 1980இல் யாழ்ப்பாணத்தில் கம்பவாரிதி இ. ஜெயராஜும் நண்பர்களும் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாவும் இரசிகர் திருவிழாதான். அங்கே நாயகன் ஒரு காவியம்: கம்பராமாயணம்.

எனக்குப் பிடித்தது வழக்காடு மன்றம். இராமன் மறைந்து நின்று வாலியை எய்தது குற்றமா? ஒருவர் குற்றம் சாட்டுவார், மற்றவர் மறுப்பார், நடுவர் தீர்ப்புச் சொல்வார். சாட்சிக் கூண்டில் கம்பன் பாட்டு. ஒரே செய்யுளை இரு தரப்பும் தத்தம் பக்கம் இழுக்கும்போது சபை நிமிர்ந்து உட்காரும். சுழலும் சொற்போர் அதைவிடக் கடுமை: முன்னவர் சொன்னதை அந்த இடத்திலேயே வெட்டி, தன் பாத்திரத்தை நிலைநிறுத்த வேண்டும். பாடமாக்கி வந்தவர் அங்கே அகப்பட்டுக்கொள்வார். பட்டிமண்டபமோ பகிடியால் ஆள் சேர்க்கும். சிலவேளை பகிடி மட்டுமே மிஞ்சும்.

யாழ்ப்பாணத்து நல்லூர்ப் பக்கம் கம்பன் விழா என்று கேள்விப்பட்டால், வழக்காடு மன்றம் எந்த நாள் என்று விசாரித்துப் போங்கள். கிட்கிந்தா காண்டத்து வாலிவதைப் படலத்தை வாசித்துவிட்டுப் போனால், நடுவரின் தீர்ப்போடும் நீங்கள் சண்டை பிடிக்கலாம்.