மாடலன் முதல் மட்டாஞ்சேரி வரை

கொடுஞ்சாவு பற்றிய செய்தி வந்து சேரும்போது ஒருவர் கதறுவதும், ஒருவர் வாயடைத்துப்போவதும், ஒருவர் சினந்து தெருவில் இறங்குவதும், ஒருவர் ஒன்றும் நடவாததுபோல் தம் வேலையைப் பார்ப்பதும் அவரவர் பிறவிச் சுபாவத்தைப் பொறுத்தவை என்னும் கருத்து இன்றைய இலக்கியப் பேச்சில் கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மைபோல வழங்கிவருகிறது. உடலின் நான்கு நீர்மங்களைக் கொண்டு மனிதரை நான்கு குணத்தினராகப் பிரித்த பண்டைக் கிரேக்க மருத்துவம் இதன் மூத்த வடிவம். மனிதரை அகமுகிகள், அதாவது தம் உள்ளத்துக்குள் ஒடுங்குபவர்கள் என்றும், புறமுகிகள், அதாவது வெளியுலகை நோக்கிப் பாய்பவர்கள் என்றும் 1921-ல் வகுத்துக்காட்டிய கார்ல் யுங்கின் கோட்பாடு அதன் இளைய வடிவம். படுகொலை ஒன்றைப் பற்றிய நாவலைப் பாராட்ட வரும் விமர்சகர், அது எத்தனை வகை ஆளுமைகளைக் காட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதோடு நிறைவடைந்துவிடுகிறார் என்றால், இந்தக் கருத்து எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பது விளங்கும். ஆனால் தமிழின் தலைசிறந்த ஆக்கங்கள் இதற்கு நேர்மாறான ஒன்றையே சொல்கின்றன. செய்தியைக் கேட்பவர் எத்தகைய மனிதர் என்பதைவிட, அவர் எங்கே நிற்கிறார், இறந்தவரோடும் கொன்றவரோடும் அவருக்கு உள்ள உறவு என்ன, அவர் கையில் என்ன இருக்கிறது என்பவையே அவருடைய எதிர்வினையைத் தீர்மானிக்கின்றன.

இந்தப் பார்வைக்கு இலக்கணமே முதற்சான்று. உள்ளத்தில் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்பட்டுப் பிறரால் உணரப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டாக வகுக்கும் தொல்காப்பியம், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. அழுகை பிறக்குமிடம் இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது இகழப்படுதல், இழத்தல், முன்னைய நிலை கெடுதல், இல்லாமை. வெகுளி பிறக்குமிடம் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அதாவது உறுப்பு அறுபடுதல், குடிகள் நலிவுறுதல், அடித்து அலைக்கழித்தல், கொல்லுதல். எளிதில் அழும் மனிதர், எளிதில் சினக்கும் மனிதர் என்ற பகுப்பு இந்த இடத்தில் இல்லை. உணர்ச்சியின் ஊற்றை மனிதரின் குணத்தில் தேடாமல் அவருக்கு நேர்ந்ததில் தேடும் இந்த முறை, பிற்காலத்துக் குணவகைப் பட்டியல்கள் எல்லாவற்றையும்விடக் கூர்மையானது.

சங்கப் பாடல்களும் இவ்வழியே செல்கின்றன. புரவலன் இறந்தபோது அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் பாடுவது கையறுநிலை எனப்படும். பாடுபவரின் துயரம் அவர் இழந்த ஆதரவின் வடிவத்தையே பெறுகிறது. மகன் புறமுதுகிட்டு மாண்டான் என்று பலர் கூறக் கேட்ட முதியவளைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டுகிறார். அவள் கேட்டதை அப்படியே ஏற்று அழவும் இல்லை, மறுத்து ஒதுங்கவும் இல்லை. வாளெடுத்துக் களத்துக்கே சென்று, கிடந்த உடல்களைப் புரட்டிப் பார்த்து, உண்மையை அறிந்த பிறகே மகிழ்கிறாள். செய்தியைச் சோதித்துப் பார்க்கும் கடமையைத் துயரத்துக்கு முன்னால் வைத்த பாட்டு அது.

எனினும் இத்துறையின் பெருநூல் சிலப்பதிகாரமே. பெயர்பெற்ற வழக்குரை காதையை விட்டு, அதிகம் பேசப்படாத நீர்ப்படைக் காதையைப் படித்தால் இது தெளிவாகும். கங்கைக்கரையில் சேர மன்னன் செங்குட்டுவனைச் சந்திக்கும் மாடலன் என்னும் மறையவன், கோவலன் கொலையுண்ட செய்தி யார்யாரை எவ்வாறு தாக்கியது என்று வரிசையாகச் சொல்கிறான். அடைக்கலம் கொடுத்த மாதரி தீயில் புகுந்தாள். வழித்துணையாய் வந்த கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். புகாரில் கோவலனின் தந்தை மாசாத்துவான் தன் செல்வத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவிகளோடு சேர்ந்தான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் அவ்வாறே செய்து ஆசீவகத் துறவியரை அடைந்தான். கோவலனின் தாயும் கண்ணகியின் தாயும் துயரம் தாளாமல் இறந்தனர். மாதவி தானும் துறந்து, மகள் மணிமேகலையையும் கணிகை வாழ்வினின்று விலக்கினாள்.

இங்கே நெஞ்சை நிறுத்துவது ஒரு சமச்சீர். தந்தையர் இருவரும் துறவு பூணுகிறார்கள். தாயர் இருவரும் சாகிறார்கள். நால்வருக்கும் நால்வகைச் சுபாவம் இருந்திருக்கும். இளங்கோ அதை ஒரு சொல்லாலும் குறிப்பதில்லை. வணிகப் பெருஞ்செல்வத்தைக் கையில் வைத்திருந்தவருக்கு அதைத் துறக்கும் வழி திறந்திருந்தது. தமக்கென்று எதையும் வைத்திராத மனைவியருக்கு உயிரைத் தவிர விடுவதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. மாதவியின் கையில் இருந்தது மகளின் எதிர்காலம் மட்டுமே. அவள் அதை மாற்றுகிறாள். அதே செய்தி பேரியாற்றங்கரையில் செங்குட்டுவனை எட்டும்போது, படை வைத்திருக்கும் அரசனுக்கு அது பத்தினிக்குக் கல்லெடுக்கும் பெயரில் வடநாட்டுப் படையெடுப்பாக மாறுகிறது. இத்தனைக்கும் மேலாக, செய்தியைச் சுமந்துவந்த மாடலன், தன் வாய்ச்சொல்லைக் கேட்டவர்கள் இறந்துபோனதால் அந்தப் பழி நீங்கக் கங்கையாட வந்ததாகக் கூறுகிறான். சொன்னவனுக்கும் பொறுப்பு உண்டு என்னும் இந்த அறவுணர்வை எந்தக் குணவகைப் பட்டியலும் எட்டியதில்லை.

இடைக்காலத்தைத் தாண்டி இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், நாவல் என்னும் வடிவம் மனிதரின் அகத்தைத் திறந்துகாட்டும் ஆற்றலோடு வந்தது. அது பெரும் பேறு. அதுவே பெரும் பொறியும் ஆயிற்று. பேறு என்பதற்கு அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ சான்று. ஐதராபாத் சமஸ்தானத்தின் கலவர நாட்களில் வன்முறையைச் செய்திகளாகவும் வதந்திகளாகவும் கேட்டுவந்த சந்திரசேகரனுக்கு, இறுதியில் அஞ்சி ஒடுங்கிய ஒரு முஸ்லிம் குடும்பத்தின் முன் நிற்க நேர்கிறது. குடும்பத்தைக் காக்கத் தன்னையே அவனுக்குத் தர முன்வரும் சிறுமியைக் கண்டு கூசி ஓடுகிறான். அவன் குணம் ஓரிரவில் மாறிவிடவில்லை. அவன் நிற்கும் இடம் மாறிவிட்டது, அதை அவன் அறிந்துகொண்டான். 1981-ல் யாழ்ப்பாணம் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது எம்.ஏ. நுஃமான் எழுதிய ‘புத்தரின் படுகொலை’, அந்தச் செய்தியை எரித்தவர்கள் வணங்கும் புத்தரின் பக்கமிருந்தே சொல்லத் துணிந்தது. தம் துயரத்தின் அளவைக் காட்டுவதற்குப் பதிலாகக் குற்றம் யாருடைய நம்பிக்கையைக் கொன்றது என்று காட்டியதாலேயே அது நிலைத்தது.

பொறி என்பதற்குக் கீழ்வெண்மணியே கசப்பான சான்று. கூடுதலாக அரைப்படி நெல் கூலி கேட்டும், செங்கொடிச் சங்கத்தைக் கைவிட மறுத்தும் நின்ற தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், 1968 டிசம்பர் 25 அன்று ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலம் உடைய, அவர்களுள் ஒருவர் கார் கூட வைத்திருக்கிற இத்தகைய செல்வர்கள் தாங்களே நடந்துவந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்பது தீர்ப்பின் வாதங்களுள் ஒன்று. ‘இப்படிப்பட்டவர் இப்படிச் செய்யமாட்டார்’ என்னும் ஆளுமை வாதம் இங்கே நேரடியாகக் கொலைகாரருக்குக் காப்பாக அமைந்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1975-ல் இந்தப் படுகொலையைக் கருவாகக் கொண்டு வந்த இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ அதே வாதத்தைத் தலைகீழாக்கியது. அதில் நிலவுடைமையாளர் கண்ணையா நாயுடுவின் கொடூரத்துக்கு வேர், ஆண்மைக் குறைவால் எழுந்த தாழ்வுணர்ச்சி. ‘இப்படிப்பட்டவர் ஆதலால் இப்படிச் செய்தார்’ என்று நாவல் சொல்லும்போது, கூலிக்கும் நிலத்துக்கும் சாதிக்கும் உரிய இடத்தை ஒரு தனிமனிதரின் நோய் பிடித்துக்கொள்கிறது. தில்லியிலிருந்து வந்த படித்த நண்பர்களின் மனக்குழப்பங்கள் நாவலில் பெறும் ஒளியை எரிந்துபோனவர்களின் வாழ்க்கை பெறவில்லை. நாவலின் கட்டுக்கோப்பும் உரையாடல் திறமும் மறுக்கமுடியாதவை. 1977-ன் சாகித்திய அகாதெமி விருதும் அதற்குக் கிடைத்தது. ஆயினும் அது எழுந்த காலத்திலேயே இடதுசாரி விமர்சகர்கள் எழுப்பிய ஆட்சேபம் இன்றும் முழு வலுவோடு நிற்கிறது. பின்னாளில் அதே கருவில் சோலை சுந்தரபெருமாள் ‘செந்நெல்’ எழுதியபோது வயலும் சங்கமும் உரிய இடத்துக்குத் திரும்பின. விமர்சன உலகமோ முன்னதைக் கொண்டாடியதில் பாதியளவுகூடப் பின்னதைப் பேசவில்லை.

அதே செய்தியைக் கேட்டு வெண்மணிக்குச் சென்றவர்களுள் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இருந்தனர். அகிம்சையில் ஊறிய காந்தியரான அவர்கள் இருவரும், செங்கொடி ஏந்திப் போராடிய தொழிலாளர்களும், சுபாவத்திலும் கொள்கையிலும் வெவ்வேறு துருவங்கள். இருப்பினும் கீழத்தஞ்சையில் தங்கி, 1981-ல் உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலத்தைப் பெற்றுத்தரும் பணியில் அவர்கள் இறங்கினர் என்றால், துயரத்தின் வேர் நிலத்தில் இருப்பதை இரு தரப்பினரும் ஒன்றுபோலக் கண்டதே காரணம்.

இந்த இடத்தில்தான் தமிழ் வாசகர்கள் மேற்குக் கடற்கரையைத் திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது. கண்ணகி வழிபாட்டோடு மரபு இணைத்துப் பேசும் கொடுங்கல்லூருக்குத் தெற்கே, கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியில், துறைமுகத் தொழிலாளர்களின் அன்றாடத்தை ஆண்டது சாப்பா என்னும் முறை. வேலை தேடி வந்து நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்கு நடுவே ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். அடித்துப்பிடித்து ஒன்றைக் கைப்பற்றுபவருக்கு அன்றைக்கு வேலை, மற்றவருக்குப் பட்டினி. பக்கத்து வீட்டுக்காரனின் கையை முறுக்கினால்தான் தன் வீட்டு அடுப்பு எரியும் என்னும் ஏற்பாடு அது. இந்த முறைக்கு எதிரான போராட்டத்தின்போது, 1953 செப்டம்பர் 15 அன்று போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். சைது, சைதாலவி, ஆண்டணி ஆகிய மூவர் அந்தப் போராட்டத்தின் தியாகிகளாக இன்றும் நினைக்கப்படுகின்றனர்.

கே.எம். சிதம்பரன் எழுதிய ‘துறமுகம்’ என்னும் மலையாள நாடகம் இந்த வரலாற்றைக் கைக்கொண்டது. அவருடைய மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதை எழுத, ராஜீவ் ரவி இயக்கி அதே பெயரில் 2023-ல் வெளியான படம் அதைப் பரவலாக்கியது. ஒரு வீடு, ஒரு தாய், ஒப்பந்தக்காரரின் கும்பலோடு திரியும் மூத்த மகன், சங்கத்தோடு நிற்கும் இளைய மகன் என்னும் அமைப்பைப் பார்த்தவுடன், முரடன் ஒருவன், சாது ஒருவன் என்று பிரித்துவிட ஆளுமை விமர்சனத்துக்குக் கை பரபரக்கும். ஆனால் ஒரே வயிற்றுப் பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தியது வானில் எறியப்பட்ட அந்த வில்லை என்பதே படைப்பின் உயிர். வரலாறும் அதையே மெய்ப்பிக்கிறது. வில்லைக்காக ஒருவரையொருவர் மிதித்துக்கொண்ட அதே மனிதர்கள்தான் வேலைநிறுத்தத்தில் தோளோடு தோள் நின்றார்கள். அவர்களுடைய சுபாவங்கள் அதற்குள் மாறிவிட்டன என்று யாரும் சொல்லமாட்டார்கள். கொச்சி மண்ணின் எழுத்தாளர் என்.எஸ். மாதவனின் ‘திருத்து’ கதையும் இவ்வழியினதே: பாபர் மசூதி இடிப்புச் செய்திக்குத் தலைப்பிடும்போது சுஹ்ரா என்னும் உதவி ஆசிரியை மசூதியின் பெயரைத் தவிர்ப்பதும், மூத்த ஆசிரியர் அதை அடித்து உண்மைப் பெயரை எழுதுவதும் கோழைத்தனத்துக்கும் துணிவுக்கும் எடுத்துக்காட்டுகள் அல்ல, சிறுபான்மைப் பெண்ணுக்கும் அதிகாரம் உள்ள ஆசிரியருக்கும் அந்நாளில் திறந்திருந்த வழிகள் வேறு.

சுபாவம் என்று ஒன்று இல்லை என்பது இதன் பொருளன்று. அழுகையின் ஓசையும் மௌனத்தின் நீளமும் ஆளுக்கு ஆள் வேறுபடவே செய்யும். மிகுதியான துயரச் செய்திகளால் இரக்கம் வற்றிப்போவதைக் கருணைச் சோர்வு என்று உளவியலார் அழைப்பதும் பொருளற்றதன்று. ஆயினும் அந்தச் சோர்வை மனத்தின் களைப்பாக மட்டும் காண்பது போதாது. கேட்டவருக்குச் செய்ய எதுவும் தரப்படாதபோதே இரக்கம் வற்றுகிறது, செய்வதற்கு ஒரு வயலோ சங்கமோ இருந்தபோது அது ஆண்டுக்கணக்கில் வற்றாமல் நின்றதை வெண்மணியும் மட்டாஞ்சேரியும் காட்டுகின்றன. ஆகவே வன்கொலை பற்றிய படைப்பை அளக்க வருபவர், எத்தனை வகை மனிதர் அதில் அழுகிறார்கள் என்று எண்ணுவதை விட்டு, செய்தி எந்த வழியாக யாரிடம் வந்தது, கேட்டவருக்கு அதில் என்ன பங்கு, அவரால் என்ன செய்ய முடிந்தது, ஏன் செய்யவில்லை என்று கேட்கவேண்டும். இளங்கோ தொடங்கிவைத்த அந்த வழியில் ‘செந்நெல்’லும் ‘துறமுக’மும் ஒரே வரிசையில் வைத்துப் படிக்கப்படவேண்டும், தமிழ் விமர்சனம் அந்த வரிசைக்குக் கடன்பட்டிருக்கிறது, அந்தக் கடனை இனியும் தள்ளிப்போடக் கூடாது.