ஓக் பிளஃப்ஸ் கோடைக்குடில் புகைப்படங்கள்

ஓக் பிளஃப்ஸ், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் உள்ள கடற்கரை ஊர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூரின் மரக்குடில்களை எடுத்த புகைப்படங்கள் அமெரிக்கக் கோடைவாழ்க்கையின் ஆவணங்களாகக் கருதப்படுகின்றன.

பின்னணி

1835-ல் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் இங்குள்ள ஓக் மரத்தோப்பில் கூடாரமிட்டுக் கோடைகால ஜெபக்கூட்டம் நடத்தத் தொடங்கினர். 1860-களில் கூடாரங்கள் நின்ற சிறுமனைகளிலேயே மரவீடுகள் எழுந்தன. எனவே அவை குறுகலாக, நெருங்கி அமைந்தன. கூரை விளிம்புகளில் சரிகை போன்ற மரவேலைப்பாடு உண்டு. 1880-ல் ஊர் ‘காட்டேஜ் சிட்டி’ என்ற பெயரில் தனியானது. 1907-ல் இன்றைய பெயரைப் பெற்றது.

படங்களின் இயல்பு

இவற்றில் பல ‘ஸ்டீரியோ’ அட்டைகள். ஒரே காட்சியின் இரு படங்களை அட்டையில் அருகருகே ஒட்டி, அதற்கான கண்ணாடிக் கருவி வழியாகப் பார்த்தால் காட்சி ஆழத்துடன் தெரியும். விடுமுறைக்கு வந்தவர்கள் இவற்றை நினைவுப்பொருளாக வாங்கினர்.

மதிப்பீடு

இப்படங்களில் குடும்பத்தினர் வீட்டு முகப்பில் அசையாமல் அமர்ந்திருப்பர். அக்காலக் கண்ணாடித் தகடுகளில் படம் பதியச் சில விநாடிகள் ஆகும். மரநிழலில் இன்னும் கூடுதலாகும். அதற்குள் நகர்ந்தவர்கள் மங்கினர் அல்லது மறைந்தனர். ஆகவே படங்களில் தெரியும் அமைதியில் ஒரு பகுதி தொழில்நுட்பத்தால் விளைந்தது. உண்மையில் அத்தோப்பில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பாடினர்.

விற்பனைக்கான படங்கள் வாங்குபவர் விரும்பியதையே காட்டின. அவர்களுக்காகத் துவைத்தவர்களும் சமைத்தவர்களும் அவற்றின் பொருளாகவில்லை. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த சார்லஸ் ஷியரரின் குடும்பம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூரில் சலவைத்தொழில் நடத்தியது. பிற விடுதிகள் கறுப்பின மக்களை ஏற்காததால், 1912-ல் அவர்களுக்கென ‘ஷியரர் காட்டேஜ்’ விடுதியைத் தொடங்கியது. ஓக் பிளஃப்ஸ் பின்னர் கறுப்பின அமெரிக்கர்களின் புகழ்பெற்ற கோடைவாசத்தலம் ஆனது. பழைய அட்டைகளை மட்டும் பார்ப்பவர் இந்த வரலாற்றை ஊகிக்க முடியாது.

கட்டிடக்கலைக்கு இப்படங்கள் நம்பகமான சான்று. இன்றும் முந்நூறுக்கும் மேற்பட்ட குடில்கள் நிற்பதால் படத்தையும் வீட்டையும் ஒப்பிட முடிகிறது. சமூக வரலாற்றுக்கு அவை பாதிச் சான்றே. கடிதங்கள், குடும்ப நினைவுகள், விடுதிப் பதிவுகள் ஆகியவற்றுடன் சேர்த்துப் படிக்கும்போதே அவற்றின் முழுப்பொருள் தெளிவாகும்.