‘பௌட்லரைஸ்’ என்னும் வினை: ஒரு விமரிசனக் குறிப்பு

ஆங்கிலத்தில் அருகி வழங்கும் வினைகளுள் ‘பௌட்லரைஸ்’ என்பதும் ஒன்று. ஒரு நூலில் ஒழுக்கத்துக்கு ஒவ்வாதன எனக் கருதப்படும் பகுதிகளை நீக்கி வெளியிடுதல் என அகராதிகள் அதற்குப் பொருள் கூறும். ஆயினும் விமரிசகர் நாவில் அது பெரும்பாலும் இகழ்ச்சிச் சொல்லாகவே வழங்குகின்றது. அவ்விகழ்ச்சி முற்றும் நியாயமானதன்று என்பது நமது கருத்து.

மருத்துவக் கல்வி பெற்றவரான தோமஸ் பௌட்லரின் (1754–1825) பெயரடியாகப் பிறந்தது இவ்வினை. அவர் பெயர் தாங்கி 1818இல் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த ‘குடும்பச் சேக்ஸ்பியர்’ என்னும் பதிப்பே இதற்குக் காரணம். அவர் மறைந்து பதினோர் ஆண்டுகளின் பின், 1836இல், பெரொனெற் தொம்சன் என்னும் அரசியலாளரின் எழுத்தில் இவ்வினை காணப்படுகின்றது. ஆனால் இப்பணியைத் தொடங்கியவர் தோமஸ் அல்லர். இருபது நாடகங்களைக் கொண்டு 1807இல் பாத் நகரில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த முதற் பதிப்பு, அவருடைய தமக்கையார் ஹென்றியெற்றா மரியாவின் ஆக்கமாகும். நீக்கிய பகுதிகளின் பொருளைத் தாம் உணர்ந்திருந்தமையை மணமாகாத ஒரு பெண்மணி அக்காலத்தில் எங்ஙனம் வெளிப்படையாக ஒப்புக்கொள்வார்? அம்மையார் கத்தரித்தார், தம்பியார் பழி சுமந்தார்.

மூலத்தோடு எதனையும் சேர்க்கவில்லை, குடும்பத்தினர் நடுவே உரக்கப் படிக்கத் தகாதனவற்றையே விலக்கினோம் என்று 1818ஆம் ஆண்டுப் பதிப்பின் முகப்பு அறிவிக்கின்றது. இறைவனை விளிக்குமிடங்களில் ‘வானுலகம்’ என்னும் பொருளுடைய சொல்லைப் பெய்தமை இவ்வாக்குறுதிக்கு இழுக்கே. எனினும் செய்ததை அவர் மறைக்கவில்லை. ஒதெல்லோ தமது கத்தரிக்கு அடங்காதென்பதையும், அது குடும்ப வாசிப்புக்கு ஏற்றதன்று என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். நாணமற்ற கவிதைகளுக்காகத் தூற்றப்பட்ட சுவின்பேர்ண் பின்னாளில் அவருக்காக வாதாடினார் என்பது வியப்புக்குரியது. சிறுவர் கையிற் சேக்ஸ்பியரைச் சேர்ப்பித்தவர் பௌட்லர் என்பது அக்கவிஞரின் நோக்கு.

இனி, நேகம் ரேற் என்பாரை நோக்குவோம். 1681இல் அவர் லியர் மன்னன் நாடகத்தின் முடிவையே மாற்றினார். கோர்டீலியாவைச் சாகவிடாது எட்கருக்கு மணமுடித்து வைத்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆங்கில அரங்கை ஆண்டது அம்மாற்றமே. சேக்ஸ்பியரின் மூலத்தை மக்ரெடி 1838இல் மீட்டு மேடையேற்றும் வரை அதன் செல்வாக்கு நீடித்தது. ஆயினும் ரேற்றின் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு வசைவினை நிலைபெறவில்லை. நீக்கியவர் இகழப்பட, திரித்தவர் தப்பினார். நீக்கல், மாற்றல், திரித்தல் என்னும் மூன்றையும் வேறுபடுத்தாது இன்று சிலர் இவ்வொரு வினையாற் சுட்டுவதும் இக்குழப்பத்தின் தொடர்ச்சியே.

தமிழில் இதனைப் பெயர்ப்போரும் இவ்விடத்தில் இடறுவர். ‘தூய்மைப்படுத்தல்’ என்றால் பௌட்லரின் பக்கம் சாய்கின்றோம். ‘சிதைத்தல்’ என்றால் அவர்தம் பகைவரின் பக்கம். வெறுமனே ‘கத்தரித்தல்’ என்பதிலோ நோக்கம் மறைந்துவிடுகின்றது. ‘ஒழுக்கங் கருதிக் களைதல்’ என்பது சற்று நீண்டதாயினும், செயலையும் அதன் நோக்கத்தையும் ஒருங்கே சுட்டுவதால், நாம் அதனையே கொள்வோம்.