விளைவது இங்கே, குத்துவது எங்கே?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியெல்லாம் கரிசல். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மக்காச்சோளம், பருத்தி, உளுந்து, மல்லி, மிளகாய், இடையிடையே குதிரைவாலி என்று காடு நிறைந்துவிடும். இவ்வளவு விளையும் ஊரில் உள்ளூர் விளைச்சலை உண்பது பெரிய காரியமா என்று கேட்கத் தோன்றும். கடையில் குதிரைவாலி அரிசி கேட்டுப் பார்த்தால் தெரியும். பளபளப்பான பாக்கெட்டில் எடுத்துத் தருவார்கள். எந்த ஊர்க் காட்டில் விளைந்தது என்பது பெரும்பாலும் கடைக்காரருக்கே தெரியாது.

காரணம் காட்டில் இல்லை, மில்லில் இருக்கிறது. குதிரைவாலி மானாவாரிக்கு ஏற்ற பயிர். மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும், உரமும் மருந்தும் அதிகம் கேட்காது. ஆனால் பொடித் தானியம். உமி இறுகப் பிடித்திருக்கும். நெல் குத்தும் மில் இதற்கு உதவாது, தனி இயந்திரம் வேண்டும், கல் நீக்கவும் சலிக்கவும் வசதி வேண்டும். ஆகவே அறுத்த தானியம் கமிஷன் கடைக்குப் போய், அங்கிருந்து வெளியூர் ஆலைக்கு ஏறுகிறது. தமிழ்நாட்டுச் சிறுதானியம் மகாராஷ்டிரத்தின் நாசிக் வரை போய்க் குத்துப்பட்டு வருவதும் உண்டு. உமியும் தவிடும் போக, 100 கிலோவுக்கு 60 கிலோ அளவில்தான் அரிசி தேறும். அந்தக் கழிவும் லாரி வாடகையும் இடையில் உள்ளவர்களின் லாபமும் சேர்ந்து, அரிசி திரும்பி வரும்போது விதைத்தவருக்கே எட்டாத விலையில் நிற்கிறது. அவர் வீட்டு உலையில் கொதிப்பது ரேஷன் அரிசி. போதாக்குறைக்கு, வெள்ளை வெளேரென்று தீட்டினால்தான் விற்கும் என்பதற்காகச் சத்துள்ள தவிட்டையும் உரித்துவிடுகிறார்கள்.

இயந்திரம் வருவதற்கு முன்பும் உமி நீக்கும் இந்த வேலை இருந்தது. செய்தவர்கள் பெண்கள். காட்டு வேலை முடித்து வந்து, உரலில் குத்தி, புடைத்து, திரிகையில் அரைத்த பிறகுதான் அடுப்பு எரியும். பாரம்பரிய உணவைப் புகழும் மேடைகளில் இந்தப் பகுதி விடுபட்டுப் போவதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். தமிழக ரேஷன் கடைகளில் 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் அரிசி கிடைத்தபோது, குத்தாமல் புடைக்காமல் பொங்க முடிந்ததை அந்தப் பெண்கள் வரவேற்றதில் என்ன தவறு?

ரேஷன் அரிசிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. உள்ளூரில் விளைந்ததை மட்டுமே நம்பியிருந்த காலத்தைக் கரிசல் நன்றாகவே பார்த்திருக்கிறது. 1876–78 தாது வருடப் பஞ்சம் தென்மாவட்டங்களைச் சூறையாடியது. மழை பொய்த்தால் கம்பும் இல்லை, சோளமும் இல்லை. வெளியிலிருந்து வரும் தானியம்தான் உயிர். எனவே ‘முழுக்க உள்ளூர்’ என்னும் கொள்கையை மானாவாரி நாட்டுக்குப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

கிலோமீட்டர் கணக்கும் இங்கே அதிகம் உதவாது. 2005இல் கனடாவின் வான்கூவரில் ஒரு தம்பதி, 100 மைலுக்குள் விளைந்ததை மட்டுமே ஓராண்டு உண்டு அதைப் புத்தகமாக்கிய பிறகு, தூரத்தை வைத்து உள்ளூர் உணவை அளப்பது மேலும் பரவியது. ஆனால் அமெரிக்க உணவைப் பற்றி 2008இல் வெபரும் மேத்யூஸும் வெளியிட்ட ஆய்வில், பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு 11 சதவீதம்தான். 83 சதவீதம் உற்பத்தியிலேயே வருகிறது. குதிரைவாலியின் பெருமை அது பக்கத்தில் விளைவதில் இல்லை, பம்புசெட் இல்லாமல் விளைவதில் இருக்கிறது. அதே கரிசலின் மக்காச்சோளம் நாமக்கல் கோழிப் பண்ணைக்குத் தீவனமாகப் போகிறது. அங்கிருந்து வரும் முட்டை பள்ளிச் சத்துணவில் இடம்பெறுகிறது. அந்த முட்டை உள்ளூரா, வெளியூரா? தூரத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

வெளியூர் என்ற பேச்சுக்கு இடமே வைக்காத ஒன்றும் இங்கே உண்டு: அதலக்காய். யாரும் விதைப்பதில்லை. மழை விழுந்ததும் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கிலிருந்து தானாகக் கொடி கிளம்பும். பாகற்காய்க்குத் தம்பி மாதிரி சின்னஞ்சிறு காய், கசப்பும் உண்டு. பறித்து வைத்தால் சீக்கிரமே வெடித்துவிடும். அன்றன்றே வதக்க வேண்டும். குளிர்பதனக் கிடங்கும் சூப்பர் மார்க்கெட்டும் இதை அண்ட முடியாது. விருதுநகர், அருப்புக்கோட்டைச் சந்தைகளில் மழைக்காலத்தில் கூறு கட்டி விற்பார்கள். கொடி படர்ந்த காட்டில் களைக்கொல்லி அடிப்பது கூடக்கூட அதுவும் அருகும் என்பதே என் கவலை.

ஆகவே, உள்ளூர் விளைச்சலை உண்ணப் புதிதாகத் தொடங்குபவர் பாக்கெட் குதிரைவாலியில் தொடங்க வேண்டாம் என்பேன். மில்லை அதிகம் நம்பாதவற்றில் தொடங்கலாம்: மழைக்காலத்தில் அதலக்காய், தொய்யக்கீரை, அறுவடையில் உளுந்தும் பாசிப்பயறும், வருடத்துக்குத் தேவையான மிளகாயும் மல்லியும் நேரே காட்டுக்காரரிடம். தானியம் என்றால் கம்பு. சாதாரண மாவு மில்லிலேயே அரைபடும்.

கம்பு கேட்பவர் பெருகினாலும் விதைப்பவர் தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஊரே விதைத்த காலத்தில் குருவி தின்றது போக மிஞ்சியது. இன்று ஒற்றைக் காட்டில் கதிர் விட்டால் சுற்றுவட்டாரப் பறவையெல்லாம் அங்கேயே இறங்கும். தட்டை தின்னும் மாடுகளும் குறைந்துவிட்டன. தனி ஒரு வீட்டின் நல்லெண்ணம் இதைச் சரிசெய்யாது.

குதிரைவாலிக்கும் அதே கதைதான். ஊரிலேயே உமி நீக்கும் இயந்திரம் வைக்கலாம்; தானியம் தையை ஒட்டி ஒரே மூச்சில் வந்துவிட்டு, மீதி மாதங்களில் இயந்திரம் சும்மா நின்றால் கடன் கட்ட முடியாது. ஆண்டு முழுவதும் வாங்க நிச்சயமான ஆள் வேண்டும். 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம், உள்ளூர்ச் சிறுதானியச் சிற்றுண்டிக்கும் இடம் வைத்திருக்கிறது. திருச்சுழி வட்டாரப் பள்ளிகள் வாரம் ஒரு நாள் இந்தக் கரிசலின் குதிரைவாலியை வாங்கினாலே ஒரு சிறிய ஆலைக்கு ஓரளவு வேலை இருக்கும். சிற்றுண்டிக்கு வாங்கும் ரவையைவிடக் குதிரைவாலிக்கு விலை கூடும். அந்த வித்தியாசத்தை அரசு ஏற்காவிட்டால் முதல் ஆண்டிலேயே நின்றுவிடும்.