மக்கள் வெள்ளம்: ஓர் உருவகத்தின் நிலைக்களம்

முன்னுரை

திரண்ட மக்களை நீராகக் காணுதல் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவான வழக்காகும். எனினும், இரு மொழிகளிலும் அவ்வுருவகத்தின் நிலைக்களம் ஒன்றன்று. பெங்களூரு போன்று இரு மொழி நாளிதழ்களும் பயிலப்பெறும் நகரில் இவ்வேறுபாடு கருதத்தக்கது. அதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் மரபு

உவமைக்குச் சிறப்பு, நலன், காதல், வலி என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் சுட்டுவார். தாழ்த்திக் கூறும் 'கிழக்கிடு பொருளை' ஐந்தாவதாகச் சேர்ப்பார். சங்கப் புலவர் வேந்தனின் படையைக் கடலோடு ஒப்பிட்டது வலி பற்றியதாகும். 'வெள்ளம்' என்பதோ உருவகம் மட்டுமன்று. ஆம்பல், தாமரை போன்று அது ஒரு பேரெண்ணின் பெயருமாகும். பரிபாடலின் இரண்டாம் பாடலில் அது காலத்தை அளக்கிறது. கம்பர் வானரப் படையை எழுபது வெள்ளம் என்கையில் அங்கும் அஃது எண்ணே. ஆக, எண்ணப்பட்ட வெள்ளம் அது.

ஆங்கில மரபு

டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை' (1859) புரட்சிக் கூட்டத்தைப் பொங்கும் கடலாக்குகிறது. அந்நாவலில் ஓர் இயலின் தலைப்பே கடல் மேலும் எழுவதைக் கூறுகிறது. அங்கே வலியோடு அச்சமும் கலந்து, மாந்தர் முகமிழக்கின்றனர். இது கிழக்கிடு பொருளின்பாற்படும். எலியாஸ் கனெட்டி 1960இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலில் கடல், ஆறு, மழை ஆகியவற்றைத் திரளின் குறியீடுகளாக வகுத்தமையும் ஈண்டு நினையத்தக்கது.

இன்றைய வழக்கு

'தலைவர் மக்கள் வெள்ளத்தில் நீந்தி மேடையேறினார்' எனும் இதழியல் தொடரில் சிறப்பு தலைவர்க்கு உரியதாகிறது. மக்கள் அவர் நீந்தும் நீராகின்றனர். எண்ணும் இல்லை, முகமும் இல்லை.

இதன் விளைவைப் பெங்களூரில் காணலாம். 2025 ஜூன் 4 அன்று, கிரிக்கெட் வெற்றி விழாவின்போது சின்னசாமி விளையாட்டரங்கின் வெளியே நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 35,000 பேர் அமரக்கூடிய அரங்கிற்கு இரண்டு, மூன்று இலட்சம் பேர் வந்தனர் என முதலமைச்சர் தெரிவித்தார். இத்தகைய நிகழ்வை வெள்ளம் என்றால் அஃது இயற்கைச் சீற்றம்போல் தோன்றும்; வாயில், அனுமதி, காவல் பற்றிய வினாக்கள் மங்கும்.

உருவகம் முற்றிலும் பொய்யென்பார்க்கு ஒரு மறுப்பு உண்டு. சதுர மீட்டருக்கு ஏழு பேர் என்ற அளவில் செறிந்த திரள் ஏறத்தாழப் பாய்மமாகவே இயங்கும் என்று ஜான் ஃபுருயின் 1993இல் விளக்கினார். ஆனால், அந்நிலையில் உயிர் பறிபோவது பெரும்பாலும் மிதிபடுவதால் அன்று, நெருக்கத்தால் மூச்சடைத்தே என்பதும் அவர் கூற்று. நீருக்கு மூச்சில்லை; ஒப்புமை அங்கே முறிகிறது.

முடிவுரை

'நெரிசல்' என்னும் தமிழ்ச்சொல் உடல் நெரிபடுவதையே நேராகச் சுட்டுகிறது. ஆங்கிலச் செய்தியைப் பெயர்ப்போர், உயிரிழப்பு நேர்ந்தவிடத்து அச்சொல்லையும் எண்ணையும் ஆளுதல் தகும். வெள்ளம் என எழுதுமுன் அதன் நிலைக்களம் யாதென வினவுதல் திறனாய்வாளர்க்கும் இதழாளர்க்கும் கடனாகும்.