மின்னஞ்சலுக்கும் தபால்தலையா?

"மடலுக்குப் பத்து பைசா வாங்கினா ஸ்பாம் நின்னுடும்." எனக்கும் இந்த யோசனை ரொம்ப நாள் பிடித்திருந்தது. 1992-லேயே சிந்தியா ட்வார்க்கும் மோனி நாவோரும் காசுக்குப் பதில் உழைப்பைக் கேட்டார்கள்: ஒவ்வொரு மடலுக்கும் அனுப்புகிற கணினி ஒரு புதிர்க்கணக்கைப் போடணும். 1997-ல் ஆடம் பேக்கின் ஹாஷ்கேஷும் இதே வழிதான். நமக்குச் சில நொடி. கோடி மடல் விடுகிறவனுக்குக் கட்டுப்படியாகாது.

ஓட்டை எங்கே? அவன் அனுப்புவது பல நேரம் வைரஸ் ஏறின அடுத்தவர் கணினியிலிருந்து. காசோ கணக்கோ, பில் அந்த அப்பாவிக்கு! 2004-ல் பென் லாரியும் ரிச்சர்ட் கிளேட்டனும் கணக்குப் போட்டே காட்டினார்கள்: ஸ்பாமை நிறுத்தும் அளவுக்குச் சுமையை ஏற்றினால், நேர்மையாக நிறைய மடல் அனுப்புகிறவர்களும் மாட்டுவார்கள்.

அடுத்தவன் பாக்கெட்டிலிருந்து டிக்கெட் எடுக்கிறவனுக்கு, டிக்கெட் விலை ஏறினா என்ன?