சித்திரக்கதையில் மெய்வாழ்வு

சித்திரக்கதை என்றவுடன் தமிழ் கற்றோர் பலர் முகம் சுளிப்பர். அது சிறுவர்க்குரிய வீண் பொழுதுபோக்கு, படிப்பைக் கெடுப்பது என்ற எண்ணம் பள்ளிகளில் நெடுநாளாக நிலவி வருகிறது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1972இல் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்', 'இரும்புக்கை மாயாவி'யோடு வெளிவரத் தொடங்கியது. அன்று முதல் தமிழில் பெரிதும் பரவிய சித்திரக்கதைகள் துப்பறிவோரையும் வீரரையும் பற்றியவை. அவற்றுட் பெரும்பாலானவை பிறநாட்டுக் கதைகளின் மொழிபெயர்ப்பு. ஆனால், வாழ்ந்த வாழ்வையே வரைந்து காட்டும் சித்திரக்கதை என்று ஒன்று உண்டு. அதற்குத் தலைசிறந்த சான்று மலேசிய மண்ணிலேயே தோன்றியது. அதன் தோற்றத்தில் பினாங்கிற்கும் பங்கு உண்டு. தமிழாசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆசானும் மாணவனும்

பினாங்கின் பாகான் ஜெர்மாலில் 1939இல் பிறந்தவர் ரஜாப் பின் ஹாட். ரெஜாப்ஹாட் என்ற பெயரால் மலாய் வாசகர் அவரை அறிவர். பேராக் மாநிலத்துக் கோப்பேங் வட்டாரத்தில் 1951இல் பிறந்த முகமட் நோர் காலிட் என்பவர் பதின்மூன்று வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவருடைய தாயார், தம் மகனின் கைத்திறனை வளர்த்துவிடுமாறு ரெஜாப்ஹாட்டை வேண்டிக்கொண்டார். அவரும் இசைந்தார். அச்சிறுவனே பின்னாளில் லாட் என்னும் பெயரால் புகழ்பெற்ற ஓவியர். அவர் வரைந்த 'தீகா செகாவான்' என்ற முதற் சித்திரக்கதையை 1964இல் வெளியிட்டதும் பினாங்கைச் சேர்ந்த சினாரான் பிரதர்ஸ் பதிப்பகமே. தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர், பாடங்களுக்குப் படம் எழுதித் தருமாறு அடிக்கடி பணித்து அவரை ஊக்கினார்.

இக்கலை பாடத்திட்டத்தால் வளர்ந்ததன்று. ஒரு தாயின் வேண்டுகோளாலும், ஆசிரியை ஒருவரின் ஊக்கத்தாலும், மூத்தவர் ஒருவரின் வழிகாட்டலாலும், உள்ளூர்ப் பதிப்பகம் ஒன்றின் துணிவாலும் வளர்ந்தது. 1978இல் தோன்றிய 'கிலா-கிலா' என்னும் நகைச்சுவை இதழைச் சுற்றியும் இத்தகைய ஓவியர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. அங்கும் ரெஜாப்ஹாட் இளையோர் பலர்க்கு ஆசானாய் நின்றார். 2002இல் அவர் மறைந்தார். அவர் பயிற்றிய கைகளே அவருக்கு நினைவுச்சின்னம் எனலாம்.

கம்பத்துப் பையனின் கதை

1979இல் லாட் வெளியிட்ட 'தி கம்போங் பாய்' அவருடைய இளமை வரலாறு. பிறந்த வீடு, ஓதக் கற்றது, ஆற்றில் நீந்தியது, சுன்னத்துச் சடங்கு, நண்பரோடு சுற்றியது என வாழ்க்கை படிப்படியாக விரிகிறது. கறுப்பு மையில் பேனாக் கோடுகள். அவற்றோடு கையெழுத்திலேயே அமைந்த சில வரிகள். வேறு அணிகலன் எதுவும் இல்லை.

உலகியல் வழக்கு, நாடக வழக்கு என இரண்டினைத் தொல்காப்பியர் கூறுவர். உள்ளது உள்ளவாறு நிகழ்வது உலகியல். சுவைபடப் புனைந்து கூறுவது நாடகம். இரண்டும் கலந்தே செய்யுள் நெறி அமையும் என்பது தமிழ் மரபு. லாட்டின் நூலும் இந்நெறியிலேயே செல்கிறது. பையனின் தலைமயிர் புதர்போல் நிற்கிறது. உருவங்கள் குறுகியும் பருத்தும் உள்ளன. இப்படி ஒரு மனிதரும் இருந்திருக்க முடியாது. ஆயினும் படிப்போர், 'இவரை நான் அறிவேன்' என்கின்றனர். ஏன்? உடல் அளவில் பொய்யான கோடு, மெய்ப்பாட்டில் மெய்யாக உள்ளது. பிரம்புக்கு அஞ்சும் சிறுவனின் முதுகு வளைவதும், பெருமை கொண்ட தந்தையின் வயிறு முன்னே நிற்பதும் பொய்யல்ல. எழுத்து அமைதியாக ஒன்றைச் சொல்ல, படம் அதன் உட்பொருளைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறது. சொல்லும் கோடும் ஒன்றையே இருமுறை கூறாமல், ஒன்று விட்டதை மற்றொன்று நிறைவு செய்வதே இவ்விலக்கியத்தின் உயிர்நிலை.

ஒரே மரம், இரு வாழ்வு

நூலின் பிற்பகுதியில் ஒரு காட்சி தமிழ் வாசகரைத் தனியே தடுத்து நிறுத்தும். பையன் நண்பரோடு சேர்ந்து, தடையை மீறி ஈயம் அரிக்கச் சென்று பெற்றோரிடம் அடி வாங்குகிறான். பின்னர்த் தந்தை அவனைத் தம் பால்மரத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்கிறார். நன்றாகப் படித்தால் இது உனக்கு என்று காட்டுகிறார். இறுதியில் அவன் விடுதிப் பள்ளிக்குப் புறப்படும்போது, கம்பத்து நிலத்தில் ஈயம் உண்டா என்று சுரங்க நிறுவனம் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. ஈயம் கிடைத்தால் செல்வம் வரும். ஆனால் திரும்பி வருவதற்கு ஊர் இராது. சிரிக்க வைத்த நூல் இந்த அச்சத்தோடு முடிகிறது.

அதே பால்மரம் தோட்டத்து லயங்களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்ற தாயையும், மங்கில் சொட்டிய பாலையும், ஆயாக் கொட்டகையில் அழுத தங்கையையும் அப்பிள்ளை கண்டதுண்டு. ஆனால் ஒரு வேறுபாடு. கம்பத்துத் தந்தை மகனுக்குக் காட்டிய மரம் அவனுடையதாகக் கூடியது. தோட்டத்துத் தந்தை நாள்தோறும் வெட்டிய மரம் ஒருநாளும் அவருடையதன்று. இவ்வேறுபாட்டை லாட் வரைய முடியாது. அது அவர் வாழ்ந்த வாழ்வு அன்று. இது அவர் குறையும் அன்று. தாம் கண்டதற்கு மட்டுமே சாட்சி நின்றது அவருடைய நேர்மை.

அவர்பால் குறை கூறுவதானால் வேறொன்று கூறலாம். அவர் நினைவு இனிமையின் பக்கமே சாய்கிறது. வறுமையும் விளையாட்டாகிறது, வீட்டுப் பெண்டிரின் உழைப்பு பின்புலத்திலேயே நின்றுவிடுகிறது. கசப்பையும் இக்கலை தாங்கும். தம் தந்தை நாஜிகளின் கொலைமுகாமில் பட்ட பாட்டை வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மன், 'மவுஸ்' நூலுக்காக 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றார். ஈழப் போரின் இறுதிக்கால அவலத்தை, தப்பியோரின் வாய்மொழிகளைக் கொண்டு பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்சே பொல்லாக்கும் 2019இல் 'வன்னி' என்னும் நூலாக்கினர். அவ்விருவரும் நன்றிக்குரியர். ஆயினும், தமிழர் துயரைத் தமிழ்க் கைகளே மிகுதியாக வரைந்திருக்க வேண்டாவா என்ற வினா எழாமற் போகாது.

சுவரில் நிற்கும் கதைகள்

ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. பின்னர் மாநில அரசின் ஏற்பாட்டில், ஐம்பதுக்கு மேற்பட்ட கேலிச்சித்திரங்கள் இரும்புக் கம்பியால் செய்யப்பட்டுத் தெருச்சுவர்களில் பொருத்தப்பட்டன. பீரங்கித் தெருவில் 1867ஆம் ஆண்டுக் கலவரத்தின் குண்டு துளைத்த கதை உண்டு. செருப்புத் தொழில் பயின்று உலகப்புகழ் பெற்ற ஜிம்மி சூவின் கதையும் உண்டு. தெருவின் வரலாற்றைத் தெருவிலேயே படிக்கச் செய்த இம்முயற்சி பாராட்டத்தக்கது.

எனினும் ஒற்றைப் படத்தின் எல்லையும் இங்கே புலனாகிறது. ஒரு படம் ஒரு நகைப்பைத் தரும். அதற்கு முன்னும் பின்னும் என்ன என்று சொல்லாது. வருவோர் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவர். சூலியாத் தெரு என்ற பெயரிலேயே தென்னிந்தியர் வரலாறு உறைகிறது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், மாரியம்மன் கோயில் எழுந்த 1833ஆம் ஆண்டுக் காலத்துக் குடிகளும் ஒரு கம்பிச் சித்திரத்துள் அடங்குவரோ? அவர்க்கு வேண்டியது தொடர்ச்சி. அதுவே சித்திரக்கதை.

ஒரு தாள் போதும்

இதற்குப் பெரும்பொருள் வேண்டும் என அஞ்சுதல் வேண்டா. ஒரே தாளை மூன்று முறை மடித்து விரித்து, நடுவே ஒரு கீறல் கீறி மீண்டும் மடித்தால் எட்டுப் பக்கச் சிறுநூல் ஆகும். ஒளிப்படி எடுத்தால் வகுப்பு முழுதும் படிக்கும். பிறநாடுகளில் தனி ஓவியர் பலர் இவ்வாறே தம் நூல்களை ஆக்கி, தமக்குள் மாற்றிக்கொள்கின்றனர். இந்தியாவில் சரத் சர்மா நிறுவிய 'வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா' இயக்கம், ஓவியம் பயிலாத ஊர்மக்களையே நான்கு கட்டங்களில் தம் ஊர்ச் சிக்கலை வரையச் செய்து, ஊர்ச்சுவரிலேயே ஒட்டச் செய்தது. தேர்ந்த கோட்டைவிட, நேரில் கண்ட கண்ணே அங்கு மதிக்கப்பட்டது.

பினாங்கின் பெருநிலத்தில் உள்ள பத்து காவானை நோக்குக. தோட்டங்கள் நிறைந்திருந்த அவ்விடத்தில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. 2014இல் திறந்த இரண்டாம் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. கம்பத்துப் பையன் அஞ்சியது அங்கே நிகழ்ந்து முடிந்துவிட்டது. லயத்தில் வாழ்ந்த பாட்டியர் சிலர் இன்னும் அடுக்குமாடி வீடுகளில் உள்ளனர். பிரட்டு எத்தனை மணிக்கு, கிராணியார் எங்கே நின்றார், மழைநாளில் கூலி உண்டா என்பதை அவர்களிடம் கேட்க இயலும்.

தமிழ்ப்பள்ளியில் கட்டுரைப் பாடவேளை ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். பேரன் பாட்டியைக் கேட்டு எட்டுப் பக்கம் வரையட்டும். கோடு கோணலாயினும் ஆசிரியர் திருத்த வேண்டா; பாட்டி சொல்லாததைச் சேர்த்திருந்தால் மட்டும் திருத்தட்டும்.